வேடியப்பன் திரும்பி வந்த சந்தை நாள்

ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடிக்கிற சத்தம் வீட்டுக்கு வீடு வேறாக இருக்கும். எங்கள் வீட்டுக் கல் ‘தொம்’ என்று, அடியில் எங்கோ ஒரு பொந்து இருப்பதைப்போல ஒலிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையிலேயே அது காதில் விழும், பார் சோப்பின் காரமான வாசனை வேலிக்கு வெளியே வந்து நிற்கும். அந்தக் கல் எனக்கு மூத்தது. நான் பிறப்பதற்கு முன்பே அப்பா தன் டிராக்டரில் கொண்டுவந்து கொல்லையில் இறக்கியது. ஓர் ஆள் படுக்கிற நீளம், வழவழப்பான மேற்புறம், தண்ணீர் தானாக வழிந்தோடத் தோதான ஒரு சாய்வு. போர்வை, ஜமக்காளம் என்று பெரிய துணியாக இருந்தால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் கொல்லைக்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

என் மகள் இப்போது பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்து படிக்கும் சாகசக் கதை கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசில் நடக்கிறது. அந்தத் தீவின் மலைக்காடுகளில் பாதங்கள் பின்பக்கமாகத் திரும்பிய பெண்கள் வாழ்வதாக அங்குள்ளவர்கள் சொல்வார்களாம். காலடித் தடத்தைப் பார்த்துத் தேடிப் போகிறவர்கள் அவர்களை விட்டு விலகி விலகியே போவார்களாம். அடிமை வாழ்க்கையிலிருந்து தப்பி அந்த மலைகளில் ஒளிந்தவர்களின் வரலாறும் கதையில் கலந்து வருகிறது. ஒரு சிறுமி அந்தப் பழங்கதைகளுக்குள்ளேயே நுழைந்து, காணாமல் போன ஒருவரை மீட்டு வருகிறாள். உங்கள் ஊரில் இப்படி ஏதாவது உண்டா அம்மா என்று மகள் கேட்டாள். உண்டு. அவள் வயதில் நானும் என் தோழியும் காணாமல் போன ஒருவரைத் தேடி மலையேறியிருக்கிறோம். அதை அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் வீட்டுக் கொல்லையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில், பேருந்து நிற்கும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தோழியின் பெயர் வேடியம்மாள். எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் வேடியப்பன் என்று ஒரு சாமி உண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒரு நடுகல்லாக இருக்கும். எந்தக் காலத்திலோ மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு நட்ட கல். செத்தவனின் பெயரும் சண்டையும் மறந்துபோய், சாமி மட்டும் மிஞ்சியிருக்கிறது. வேடியம்மாள் வீட்டாரின் வேடியப்பன் அவர்களுடைய மேட்டு நிலத்து ஓரம், புங்க மரத்தடியில், கூரை இல்லாமல் நின்றவர். கையில் கத்தி, காலடியில் நாய். அவரை வருடத்தில் ஒரே ஒரு நாள் கும்பிடுவது அவர்கள் வழக்கம். ஆடியில் பொங்கல் வைத்துவிட்டு வந்தால் அடுத்த ஆடி வரைக்கும் அந்த மரத்தடிக்கு யாரும் போகக் கூடாது. “வருசத்துல ஒரு நாளுதான் அவரு வூட்டுல இருப்பாரு, மத்த நாளெல்லாம் வேட்டைக்குப் போயிருப்பாரு, சும்மா சும்மா போயி நின்னா கோவிச்சுக்குவாரு” என்று பூசை செய்கிற அவளுடைய பெரியப்பா சொல்வார்.

அப்படிப் போகாமல் இருந்து, ஓர் ஆடியில் பொங்கல் பானையோடு போனபோது கல் இல்லை. அது எப்போது போனது, எப்படிப் போனது என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் அந்த வருடம் அந்த வீட்டில் புதிதாக நடந்தது ஒன்று எல்லோருக்கும் தெரியும். கம்பைநல்லூரிலிருந்து காவேரி என்ற பெண் சின்ன மருமகளாக வந்திருந்தார். அவர்தான் வேடியம்மாளின் அம்மா. மரத்தடியில் மூன்று கற்களை நட்டு அதையே சாமியாக நினைத்துக்கொண்டு கும்பிட்டார்கள். கோபம் தணியட்டும் என்று, பிறந்த பெண் குழந்தைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். சாமி வரவில்லை. தக்காளி விலை இறங்கி மூட்டையைச் சாலையோரம் கொட்டிவிட்டு வந்த நாளிலும், போர் போட்டுத் தண்ணீர் வராத நாளிலும் அந்த வீட்டில் ஒரே பேச்சுத்தான் எழும்: “இவ காலடி வெச்ச வருசம் எங்க சாமி எந்திரிச்சுப் போயிட்டாரு.” காவேரி அத்தை எழுந்துகொள்வார். எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நான் சொல்லும் வருடம் ஆனி மாதத்தில் அவர்களுடைய சினைமாடு செத்துப்போனது. காவேரி அத்தையை அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரச் சொன்னார்கள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளையை அனுப்பவில்லை. வேடியம்மாள் தலையைத் தானே வாரிக்கொண்டு, வகிடு கோணலாகப் பள்ளிக்கு வர ஆரம்பித்தாள். ஒருநாள் மதியம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது என்னிடம் திட்டத்தைச் சொன்னாள். வேடியப்பன் மாட்டைத் தேடிப் போனவர்தானே, மாட்டை ஒளித்து வைத்தவர்கள் மலைமேல் இருக்கிற குள்ளர்கள்தானே, அப்படியென்றால் அவர் இப்போதும் அங்கேதான் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். போய்க் கூப்பிட்டால் வந்துவிடுவார். அவர் வந்துவிட்டால் அம்மாவும் வந்துவிடுவாள்.

மலைமேல் பெரிய பலகைக் கற்களைச் சதுரமாக நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடிய பழங்கால அறைகள் வரிசையாக இருந்தன. முன்பலகையில் வட்டமாக ஒரு துளை. செத்தவர்களுக்காகக் கட்டியவை என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அவை ‘குள்ளர் வூடு’. முழங்கால் உயரமே உள்ள மனிதர்கள் அந்த ஓட்டை வழியாக வந்து போவார்கள் என்பதை ஊரில் பெரியவர்களே சிரிக்காமல் சொல்வார்கள். பள்ளி விடுமுறை நாள் ஒன்றில், விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு நாங்கள் ஏறினோம். கையில் ஆயுதமாக ஆளுக்கொரு வேப்பங்குச்சி. சாமியின் நாய்க்கு என்று வேடியம்மாள் ராகிக் களி உருண்டை ஒன்றைத் துணியில் கட்டி எடுத்து வந்திருந்தாள். வழியில் கிடந்த மாட்டுக் குளம்புத் தடங்களை எல்லாம் அந்தப் பழைய மாடுகளின் தடம் என்று முடிவு செய்தோம். ஒரு பாறையில் சிவப்பாக எதையோ பார்த்து அது குள்ளர்களின் ரத்தம் என்றேன் நான். அவள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, வெற்றிலை எச்சில் என்றாள்.

குள்ளர் வீட்டின் துளைக்குள் தலையை விடும் துணிவு எனக்கு இல்லை. அவள் விட்டாள். உள்ளே இருட்டில் அவள் குரல் பானைக்குள் பேசுவதைப்போலக் கேட்டது. “தாத்தா, நாந்தாங்க வேடியம்மா. எங்கம்மா மேல பழி போடறாங்க. மாடு கெடைக்கலன்னாலும் பரவால்லீங்க, நீங்க மட்டும் வாங்க.”

நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வெயில் சாயும் நேரம் கீழேயிருந்து செம்பட்டை நிறத்தில் ஒரு நாய் ஏறி வந்தது. களி உருண்டையை ஒரே விழுங்கில் தின்றுவிட்டுத் திரும்பி இறங்கியது. வேடியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினாள். முள்ளில் பாவாடை கிழிய, செருப்பு ஒன்று வாரறுந்து போக, அந்த நாயை விடாமல் துரத்தினோம். அது ஏரிக்கரையைச் சுற்றி, ஊருக்குள் நுழைந்து, எங்கள் வேலிச் சந்து வழியாகக் கொல்லைக்குள் போய், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து ஈர மண்ணில் வயிறு பதியப் படுத்துக்கொண்டது. வேடியம்மாள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “ச்சே, இது உங்க தெருவு நாயிடி” என்றாள். நான் ஒரு சில்லை எடுத்து எறிந்து அதை விரட்டினேன்.

சில நாட்கள் கழித்து, அம்மா துவைத்துக்கொண்டிருந்தபோது சோப்பு வழுக்கிக் கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் இருந்த பொந்தில் விழுந்தது. என் கை சிறியது என்பதால் என்னை எடுக்கச் சொன்னாள். முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். சோப்பு கிடைக்கவில்லை, கல்லின் அடிப்புறம் கிடைத்தது. மேற்புறத்தைப்போல அது வழவழப்பாக இல்லை. மேடும் பள்ளமுமாக இருந்ததை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு பாதம். வரிசையாக விரல்கள். அதற்குப் பக்கத்தில் சுருண்ட வால். கையை வெளியே எடுத்துவிட்டு, அடியில் யாரோ இருக்கிறார்கள் என்றேன். அம்மா திட்டிக்கொண்டே குனிந்து தன் கையை விட்டாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். பாதி அலசிய துணிகளை வாளியில் போட்டுக்கொண்டு எழுந்தாள். உங்கப்பா வருகிற வரைக்கும் யாரிடமும் எதுவும் சொல்லாதே என்பதை மட்டும் சொன்னாள்.

அப்பா வந்து கடப்பாரையால் நெம்பினார். கல் ஒருபக்கம் எழும்பியபோது நான் பார்த்தேன். கத்தி, ஓங்கிய கை, காலடியில் நாய். வெட்டுக்கோடுகளில் எல்லாம் சோப்புக் கசடு வெள்ளையாக இறுகியிருந்தது. தலைமுடிச் சிக்கல், நத்தை ஓடுகள், நூல் பிசிறு; முகம் இருந்த இடத்தில், கண்ணுக்குப் பக்கத்துப் பள்ளத்தில், என் பள்ளிச் சட்டையின் பொத்தான் ஒன்று. அப்பா கடப்பாரையைப் போட்டுவிட்டு ஈரத்திலேயே உட்கார்ந்தார். பிறகு நினைவுபடுத்திச் சொன்னார். ஏரிக்கரை பலப்படுத்தும் வேலைக்காகச் சுற்றுவட்டாரத்துக் கற்களை அள்ளிப் போட்ட வருடம் அது. மழையில் சாய்ந்து, குப்புற விழுந்து, மண்ணும் புதரும் மூடிக் கிடந்த பலகைக் கல்லை ஆட்கள் மற்ற கற்களோடு ஏற்றியிருக்கிறார்கள். வேலை முடிந்தால் வண்டிக்காரர் நல்ல கல்லாக ஒன்றைத் தன் வீட்டுக்கு வைத்துக்கொள்வது அப்போது வழக்கம். அப்பா வைத்துக்கொண்டது இது. வழவழப்பான முதுகு மேலே வரும்படி போட்டார். திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. சாமி வீட்டாருக்கோ, வருடம் முழுக்க அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது கட்டுப்பாடு. தேடும்போது வானத்திலும் காட்டிலும் தேடினார்கள். துவைக்கிற இடத்தில் யார் தேடுவார்கள்?

அப்பாவுக்குப் பயம். அம்மாவுக்கு வெட்கம். பிள்ளை பெற்ற துணி, தீட்டுத் துணி எல்லாம் இதன் மேலேதானே போட்டு அடித்தேன் என்று அம்மா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்கு அவர்கள் எடுத்த முடிவு, கமுக்கமாகக் கொண்டுபோய் வைத்துவிடுவது. ஆடிப் பொங்கலுக்கு முந்திய சந்தை நாளில் ஊரே காரிமங்கலம் போயிருந்த நேரம் பார்த்து, கல்லைத் தேய்த்துக் கழுவி, அம்மாவும் கைகொடுக்க, சங்கிலி கட்டி டிராக்டரில் இழுத்து ஏற்றி, வைக்கோலால் மூடிக்கொண்டு போய், நட்டு வைத்திருந்த அந்த மூன்று கற்களுக்குப் பின்னால் அப்பா நிறுத்திவிட்டு வந்தார். வந்து குளித்தார். சாப்பிட்டார். இனி ஒன்றுமில்லை என்றார்.

பொங்கல் அன்று காலை மரத்தடியிலிருந்து எழுந்த கூச்சல் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. ஊரே ஓடியது. நானும் ஓடினேன். வேடியம்மாளின் பெரியப்பா கல்லைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார். மேளத்துக்கு ஆள் போயிருந்தது. பெண்கள் மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தார்கள். அழுது முடித்து நிமிர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரியப்பா சொன்னார்: “அவ போனா. அவரு வந்தாரு.”

அவ்வளவுதான் சொன்னார். அதைக் கூட்டம் வாய்க்கு வாய் மாற்றிக்கொண்டே போனது. ஆமாம், அவள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆமாம், அவள் இருந்தவரை வரவில்லை. இனி அவளை இந்த ஊர் எல்லைக்குள் விடக் கூடாது என்று யாரோ சொன்னபோது காவேரி அத்தையின் கணவர் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேடியம்மாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் அழவில்லை. புங்க மரத்துக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போய், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: “நாந்தான்டி கூப்புட்டேன். நாங்கூப்புட்டுத்தான் வந்தாரு. அம்மா இனிமே வராதாம். சும்மா இருந்திருக்கோணும் நான்.”

எனக்கு உண்மை தெரியும். வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய், அவள் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பாவின் எதிரே போய் நின்றாள்.

“நீங்க போயி சொல்லிட்டு வாங்க. இல்லன்னா நான் போயி சொல்றேன்.”

“சொன்னா அப்புறம் ஊருல தலை காட்ட முடியுமா?”

“தலை காட்ட முடியாமத்தான் ஒருத்தி அம்மா வூட்டுல கெடக்கறா.”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு போனார். பானை பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, நின்றபடியே சொன்னார். முதலில் யாரும் நம்பவில்லை. டிராக்டர்காரர் வெயிலில் என்னவோ உளறுகிறார் என்றார்கள். சாமி தானாக வந்ததுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஒரு டிராக்டர் கொண்டுவந்த சாமி வேண்டியிருக்கவில்லை. கல்லின் கீழ்விளிம்பில் கடப்பாரை பெயர்த்த புதுக் காயத்தை அப்பா காட்டினார். அப்போதும் சந்தேகப்பட்டவர்களைக் கொல்லைக்கு வந்து பார்க்கச் சொன்னார். ஊர் எங்கள் கொல்லைக்கு வந்தது. கல் எடுத்த பள்ளத்தில் தேங்கியிருந்த நீல நிறத் தண்ணீரையும், கொடியில் தொங்கிய எங்கள் உள்பாவாடைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மா வாசற்படியில் நின்றாள், உள்ளே போகவில்லை. போர்வை துவைக்க எங்கள் வீட்டுக்கு வருகிற பெண் ஒருத்திதான் பேசினாள்: “நாம வருசத்துக்கு ஒருக்கா மஞ்சத்தண்ணி ஊத்துனோம். இவங்க நித்தியம் சோப்புப் போட்டுல்ல குளிப்பாட்டியிருக்காங்க.” எல்லோரும் சிரித்தார்கள். அவள் போர்வையும் அந்தக் கல்லில்தான் அடிபட்டது என்பதை யாரும் சொல்லவில்லை. அப்பா அன்று மாலை புங்க மரத்தடியில் எல்லோர் முன்னாலும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தார். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமலே வீட்டுக்கு நடந்து வந்தார். அதன் பிறகு எங்கள் டிராக்டர் தெருவில் போனால் பையன்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுவார்கள். அது அந்த வண்டியை விற்கிற வரைக்கும் நடந்தது.

மறுநாள் அம்மாவும் அப்பாவும் வேடியம்மாளையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கம்பைநல்லூருக்குப் பேருந்தில் போனார்கள். அங்கே நடந்ததைப் பின்னால் அம்மா சொல்லித்தான் தெரியும். நடந்த எல்லாவற்றையும் அப்பா மறுபடியும் ஒருமுறை சொன்னார். வேடியம்மாளின் அப்பா கையில் பூப்பொட்டலத்தை வைத்துக்கொண்டு, அதை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். காவேரி அத்தை கேட்டு முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னாராம்: “சாமியத் தூக்குனவரு நீங்க, வந்து சொல்லிட்டீங்க. என்னைத் தள்ளுனவங்க ஒருத்தரும் வரலீங்களே.” மகளின் கோணல் வகிட்டைப் பார்த்தார்; சீப்பை எடுத்து அங்கேயே உட்கார வைத்துத் தலை வாரிவிட்டார்; பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வந்த அன்று அவரிடம் யாரும் தவறு என்று சொல்லவில்லை. வேடியம்மாளின் பெரியம்மா அவர் சோற்றில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக ஊற்றினார், அவ்வளவுதான்.

வேடியம்மாள் பள்ளியில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மரத்துக்குப் பின்னால் அவள் சொன்னபோது எனக்கு ஏற்கெனவே தெரியுமா, தெரியாதா? தெரியும் என்று தலையாட்டினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

இந்த வருடம் ஆடிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். புங்க மரம் இல்லை. வேடியப்பனுக்குச் சிமெண்டுக் கூரை, தரைக்கு டைல்ஸ், முன்னால் பூட்டுப் போட்ட கம்பிக் கதவு. கல்லின் மேல் பெயிண்ட் பூசி, மீசையும் கண்ணும் புதிதாக வரைந்திருக்கிறார்கள். நாய்க்கு மஞ்சள் நிறம். மலையில் கல் குவாரி வந்த பிறகு குள்ளர் வீடுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்பா இப்போது இல்லை. பூசை செய்கிற இளைஞன் பெரியப்பாவின் பேரன். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்களுக்குச் சாமியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். வேடியப்பன் ஒருமுறை வேட்டைக்குப் போய்ப் பல வருடம் திரும்பவில்லை, பிறகு ஓர் ஆடிப் பொங்கலன்று தானாக வந்து நின்றார். கதை அங்கே முடிந்தது. மருமகள் இல்லை, டிராக்டர் இல்லை. சுற்றி நின்றவர்களில் என் வயதுக்காரர்கள் சிலர் இருந்தார்கள். ஒருவரும் திருத்தவில்லை.

காவேரி அத்தை பொங்கலுக்கு வருவதில்லை. திரும்பி வந்த அந்த வருடத்திலிருந்தே வந்ததில்லை என்றார்கள். வீட்டில் போய்ப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து உட்கார வைத்தார். வேடியம்மாள் ஓசூரில் இருக்கிறாள், பேரன் கல்லூரியில் படிக்கிறான் என்று சொல்லிவிட்டு, அங்கே கோயிலில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டார். நான் கேட்ட கதையைச் சொன்னேன். அத்தையின் பெயர் இப்போது அதில் இல்லை என்பதை நல்ல செய்தியைப்போலச் சொன்னேன்.

“உங்கப்பா வந்து சொன்னது?”

“அதுவும் இல்லீங்க அத்தை.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். “இந்த ஊருல எனக்காக வாயத் தொறந்தவரு அவரு ஒருத்தருதான் கண்ணு. அதையும் எடுத்துட்டாங்களா?” என்றார்.

கதையில் டிராக்டர் வரவில்லை என்று தெரிந்ததும், கோயிலில் கூட்டத்தோடு நின்றிருந்த எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.